அரண்மனை கோட்டையான கதை: தில்லிச் செங்கோட்டையும் 1857க்குப் பிந்தைய ஒரு சொல்மாற்றமும்

தில்லிச் செங்கோட்டையைக் காணச் செல்வோர் முகலாயர் கட்டிய கோட்டை ஒன்றைக் காணப்போவதாக எண்ணியே லாகூரி வாயிலில் நுழைகின்றனர். பாடநூலும் சுற்றுலாக் கையேடும் அவ்வெண்ணத்தை அவர்களுக்கு முன்பே ஊட்டியிருக்கின்றன. ஆயினும் சத்தா சவுக் எனும் வளைகூரைக் கடைத்தெருவைக் கடந்து நக்கார் கானா எனும் முரசு மண்டபத்தை நோக்கி நடக்கும்போது கண்ணை நிறைப்பது புல்வெளியே. அதற்கு அப்பால் இடப்புறத்தில், அடுக்கடுக்கான தாழ்வாரங்களுடன் சில நீண்ட கட்டடங்கள் நிற்கின்றன. வெண்சலவைக்கல் மண்டபங்களைத் தேடி வந்தவர்கள் அவை படத்தில் விழாதவாறு கருவியைத் திருப்பிக்கொண்டு மேலே நடக்கிறார்கள். அவை 1857க்குப் பின் பிரிட்டிஷ் படை தன் வீரர்களுக்காகக் கட்டிய பாரக்குகள். புல்வெளியும் அவர்கள் காலத்தின் விளைவே. பரப்பளவை மட்டும் கணக்கிட்டால், இன்று செங்கோட்டைக்குள் பார்வையாளர் நடக்கும் நிலத்தின் பெரும்பகுதி முகலாய அரண்மனை அன்று. ஒரு காலனியப் படைமுகாமின் எச்சம்.

இதை மிகைக் கூற்று எனக் கருதுவோர், 1857க்கு முன்னர் ஆங்கிலேயர் இவ்விடத்தை என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதை நோக்கலாம். அவர்களுடைய எழுத்துகளிலும் வரைபடங்களிலும் இது 'அரண்மனை', அரசரின் அரண்மனை. 1857 மே 11 அன்று மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் நகருக்குள் நுழைந்தபோது லாகூரி வாயிலின் மேல்மாடத்தில் கொல்லப்பட்ட கேப்டன் டக்ளஸ் வகித்த பதவியின் பெயர் அரண்மனைக் காவற்படைத் தலைவர் என்பது. அடுத்த தலைமுறை ஆங்கிலேயருக்கு அதே இடம் 'தில்லிக் கோட்டை' ஆகிவிட்டது. இடம் மாறவில்லை, மதிலும் மாறவில்லை, பெயர் மாறியது. அப்பெயர் மாற்றத்துக்குள் ஓர் இடிப்பு மறைந்திருக்கிறது.

'கிலா', அதாவது கோட்டை, என்ற சொல் முன்பே வழங்கியதே என்ற எதிர்வாதம் நியாயமானது. 'கிலா-எ-முபாரக்', 'கிலா-எ-முஅல்லா' என்று பாரசீக, உருது எழுத்துகளில் இது குறிக்கப்பட்டது. 'லால் ஹவேலி', அதாவது செம்மாளிகை, என்ற பெயரும் வழக்கில் இருந்தது. ஆனால் தில்லிவாசி 'கிலா' என்றபோது அவர் மனத்தில் எழுந்தது பீரங்கி மேடை அன்று. அரசவை, அதன் நடையுடை, அதன் பேச்சு. 'கோட்டையைப் பிடிப்பது யார்' என்று தமிழ்நாட்டில் தேர்தல்தோறும் கேட்கப்படும் கேள்வியில் மதிலோ அகழியோ இல்லாதது போலத்தான் இதுவும். மதிலும் அகழியும் இருந்தன என்பது மெய்யே. எனினும் அந்த அரண்மனையின் ஊழைப் பெரும்பாலும் அம்மதிலுக்கு வெளியே நடந்த போர்களே தீர்மானித்தன: 1739இல் கர்னால், 1803இல் யமுனையின் மறுகரையிலிருந்த பட்பர்கஞ்ச், 1857 செப்டம்பரில் நகர மதில். போர்க்கெனவே எழுந்த கோட்டையைக் காண விரும்புவோர் வடகிழக்கில் ஒட்டி நிற்கும் சலீம்கரைப் பார்க்க வேண்டும். ஷேர் ஷாவின் மகன் இஸ்லாம் ஷா 1546இல் கட்டியது அது. சுற்றுலாப் பயணிகள் அங்கே எட்டிப்பார்ப்பது அரிது.

தமிழ் வாசகர்க்கு ஓர் ஒப்பீடு பயன்படும். ஷாஜஹான் இவ்வரண்மனைக்கு அடிக்கல் இட்டது 1639இல். பணி 1648இல் நிறைவுற்றது. அதே 1639 ஆகஸ்டில்தான் கிழக்கிந்தியக் கும்பெனியார் சென்னையில் கோட்டை கட்டிக்கொள்ள உரிமை பெற்றனர். வணிகச் சரக்கைக் காக்க எழுந்த புனித ஜார்ஜ் கோட்டை காலப்போக்கில் ஆட்சிபீடமாயிற்று. இன்றும் தலைமைச் செயலகம் அங்கேயே இயங்குகிறது. ஆட்சிபீடமாகவே எழுந்த தில்லி அரண்மனையோ படைவீரர் தங்கும் விடுதியாயிற்று. இரண்டையும் தலைகீழாக்கிய ஆற்றல் ஒன்றே.

அது நிகழ்ந்த விதத்தைச் சுருக்கமாகக் கூறலாம். 1857 செப்டம்பர் 14 அன்று தொடங்கிய தாக்குதலில் நகர் வீழ்ந்தது. 20ஆம் நாள் படையினர் ஏறத்தாழ வெறுமையாயிருந்த அரண்மனைக்குள் புகுந்தனர். ஹுமாயூன் கல்லறையில் சரணடைந்த பகதூர் ஷா ஜஃபர், தம் முன்னோர் அரியணையிலிருந்த திவான்-இ-காஸ் மண்டபத்திலேயே 1858 ஜனவரி முதல் மார்ச் வரை விசாரிக்கப்பட்டார். விசாரித்தது படை அதிகாரிகளைக் கொண்ட குழு. இந்த வழக்கின் சட்ட அடிப்படையே கேள்விக்குரியது என்று 1922இல் எஃப். டபிள்யூ. பக்லர் எழுதினார்: கும்பெனி சட்டப்படி முகலாயப் பேரரசரின் திவான், ஆகவே கலகக்காரர் எனப்பட வேண்டியவர் யார் என்பது அவருடைய வினா. அவ்வாதத்தை முழுமையாக ஏற்காதவர்களும் அதன் கூர்மையை மறுப்பதில்லை. ஜஃபர் ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டு 1862 நவம்பர் 7 அன்று அங்கே மறைந்தார்.

அதன்பின் இடிப்பு தொடங்கியது. போரின்போது குண்டு விழுந்து சிதைந்தவை சிலவே. மிகப் பெரும்பகுதி போர் ஓய்ந்த பிறகு, திட்டமிட்டு, பொறியாளர் மேற்பார்வையில் இடிக்கப்பட்டது. இவ்வேறுபாட்டைப் பொதுவான வரலாற்று நூல்கள் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை. நக்கார் கானாவுக்கு முன்னிருந்த குளம் சூழ்ந்த முற்றம், திவான்-இ-ஆமைச் சுற்றியிருந்த தூண்வரிசைகள், மெஹ்தாப் பாக் எனும் நிலவுத் தோட்டம், தென்புறம் முழுவதும் விரிந்திருந்த அந்தப்புர மாளிகைகள் ஆகிய எல்லாம் போயின. ஆற்றையொட்டி ஒற்றை வரிசையில் நின்ற சில மண்டபங்கள் மட்டும் எஞ்சின. அவையும் படையின் புழக்கத்துக்கு வந்தன. மும்தாஜ் மஹல் முதலில் சிறைக்கூடமாகவும் பின்னர் சார்ஜண்டுகளின் உணவுக்கூடமாகவும் ஆயிற்று. அந்தப்புரப் பகுதி மட்டும் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1000 அடி கொண்டிருந்தது என்றும், ஐரோப்பாவின் எந்த அரண்மனையையும்விட இருமடங்கு பெரியது என்றும் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்கூசன் கணக்கிட்டார். இந்தியக் கட்டடக்கலை பற்றிய 1876ஆம் ஆண்டு நூலில் அவர் வெளிப்படுத்திய சினம், இடித்தது குறித்து மட்டும் எழுந்ததன்று. இடிக்கப்படுவதற்கு ஒரு வரைபடம்கூட எடுத்துவைக்கவில்லையே என்பது குறித்து எழுந்தது. அவர் தம் கணக்குக்கு நம்பியது, உள்நாட்டார் ஒருவர் வரைந்து தம் கைக்கு வந்திருந்த ஒரு வரைபடத்தை. பேரரசின் அளவைத் துறை செய்யாததைப் பெயர் தெரியாத ஒரு தில்லிக்காரர் செய்துவைத்திருந்தார்.

மதிலுக்கு வெளியேயும் அழிவு பரவியது. பீரங்கிகள் தடையின்றிச் சுட வேண்டும் என்பதற்காகக் கோட்டையைச் சுற்றி ஏறத்தாழ 450 கஜ தூரத்துக்கு வீடுகளும் கடைகளும் தொழுகையிடங்களும் அகற்றப்பட்டன. ஷாஜஹானின் மனைவியருள் ஒருவர் கட்டிய அக்பராபாதி மசூதி அவ்வாறு மறைந்ததே. ஜாமா மசூதியின் படிக்கட்டில் நின்று இன்று கோட்டையைத் தெளிவாகக் காண முடிகிறது என்றால், இடையிலிருந்த ஊர் இல்லாமற் போனதே காரணம். அந்த ஊர் எப்படி இருந்தது என்பதை அறிய மஸ்ஹர் அலி கான் 1846 நவம்பரில் லாகூரி வாயிலின் மேலிருந்து வரைந்த, ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமுள்ள சுற்றுக்காட்சி ஓவியத்தைப் பார்க்க வேண்டும். அது இப்போது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

இவ்விடத்தில் மொழியியல் மாணவர்க்கு உரிய செய்தி ஒன்று உண்டு. 'ஓர்து' என்னும் துருக்கியச் சொல்லுக்குப் படைமுகாம், அரசரின் பாளையம் என்று பொருள். தமிழில் 'பாளையம்' என்னும் சொல் படைமுகாமைக் குறித்து, பின் ஊர்ப்பெயராய்த் தேய்ந்ததைப் போலவே, அச்சொல்லும் வட இந்தியாவில் பொருள் நகர்ந்தது. ஷாஜஹானாபாத் நகரமே 'உருது-எ-முஅல்லா', அதாவது மேன்மைமிகு அரசிருக்கை, எனப்பட்டது. அந்நகரின் மொழி 'உருது-எ-முஅல்லாவின் மொழி' எனப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சுருங்கி 'உருது' ஆயிற்று. அதற்கு முன் அம்மொழிக்கு ஹிந்தி, ஹிந்தவி, ரேக்தா முதலிய பெயர்களே வழங்கின. ஆகவே 'உருது' என்ற மொழிப்பெயரில் இருப்பது நகரம், படை அன்று. ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி உருது இலக்கியப் பண்பாட்டின் தொடக்கம் பற்றிய தம் நூலில் இதை விரிவாக வாதிட்டுள்ளார்.

எனில், உருது படைவீரர்களின் சந்தையில் பல மொழிகள் கலந்து பிறந்தது என்ற கதை எங்கிருந்து பரவியது? கல்கத்தாவில் 1800இல் நிறுவப்பட்ட வில்லியம் கோட்டைக் கல்லூரியிலிருந்து. அங்கே கில்கிறிஸ்டின் கீழ்ப் பணியாற்றிய மீர் அம்மன், 'பாக் ஓ பஹார்' நூலின் முன்னுரையில் முகாம்சந்தைப் பிறப்புக் கதையைச் சொன்னார். அந்நூல் ஆங்கிலேய அலுவலர்களின் பாடநூலானதால் கதையும் பாடமாயிற்று. இன்றும் தமிழ்ப் போட்டித்தேர்வு நூல்கள் வரை அது தொடர்கிறது. கோட்டையை ஒட்டிய கல்லூரி எதுவும் இத்தகைய வேலையையே செய்தது என்று பொதுமைப்படுத்தல் தவறு. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்த எல்லிஸ்தான் 1816இல் தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் எனச் சான்றுகளோடு நிறுவினார். ஆனால் உருதுவைப் பொறுத்தவரை ஓர் இணை வெளிப்படையானது. ஒரு நகரமொழியைப் படைமுகாம் மொழியாகக் காட்டும் சட்டகம் 1800களின் தொடக்கத்தில் உருவாகிறது. அந்நகரின் அரண்மனையைப் படைமுகாமாக மாற்றும் செயல் 1858இல் நிகழ்கிறது. முன்னது பின்னதற்குக் காரணம் என்று சொல்ல இயலாது. இரண்டிலும் ஒரே பார்வை செயற்பட்டது என்று சொல்லலாம்.

இந்த இணையை முதலில் உணர்ந்தவர் பிற்கால ஆய்வாளர் எவருமல்லர், மிர்சா காலிப். முற்றுகையின்போதும் அதன் பின்னும் தில்லியை விட்டு நீங்காமல் இருந்த அவர், நண்பர் மீர் மெஹ்தி மஜ்ரூஹுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், உருது பஜாரே இல்லாதபோது உருது எங்கே இருக்கும் என்ற பொருள்படக் கேட்கிறார். உருது பஜார் என்பது லாகூரி வாயிலிலிருந்து தொடங்கிய கடைவீதிப் பகுதி. இப்போது இருப்பது நகரம் அன்று, படைமுகாம் என்று அவர் தொடர்கிறார். அங்கே அவர் கையாளும் சொற்கள் கவனத்துக்குரியவை: 'சாவ்னி' என்ற நாட்டுச்சொல்லோடு 'கேம்ப்' என்ற ஆங்கிலச் சொல்லையும் உருது எழுத்தில் எழுதுகிறார். முகாம் என்ற மூலப்பொருளை இழந்து நகரத்தைக் குறிக்கத் தொடங்கிய 'உருது' என்ற சொல் கைவசம் இருக்க, உண்மையான முகாமைச் சுட்ட அவருக்கு அயற்சொல் தேவைப்பட்டது. சொற்பொருள் மாற்றம் பற்றிய வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

இடிந்த அந்தப்புரத்தின் பேச்சு முற்றிலும் அழிந்துவிடவில்லை. 'பேகமாதி ஸபான்' எனப்பட்ட அரண்மனைப் பெண்டிர் மொழிக்கெனத் தனிச் சொற்களும் மரபுத்தொடர்களும் இருந்தன. முன்ஷி ஃபைசுத்தீன் 1885இல் வெளியிட்ட 'பஸ்ம்-எ-ஆகிர்' கடைசி இரு முகலாய அரசர்களின் காலத்து உணவு, உடை, விழா ஆகியவற்றின் பெயர்களை அடுக்கிச் செல்கிறது. ஓர் அகராதியின் தன்மை அதற்கு உண்டு. 'ஃபர்ஹங்-எ-ஆசிஃபியா' எனும் பேரகராதியைத் தொகுத்த சையித் அகமது தெஹ்லவி, பெண்களின் சொற்களுக்கென்றே 'லுகாத்-உன்-நிஸா' என ஒரு தனி அகராதியையும் வெளியிட்டார். அரண்மனையை அளந்து வரைய எவரும் முன்வராத நிலையில், அதனுள் வழங்கிய சொற்களை இவர்கள் பதிந்துவைத்தனர். தொல்லியல் துறை செங்கோட்டைக்குள் வைத்திருக்கும் விளக்கப்பலகைகளில் கற்களின் வகையும் கட்டிய ஆண்டும் முதன்மை பெறுகின்றன. அங்கே வாழ்ந்தவர் பேசிய மொழிக்கு அப்பலகைகளிலும் இடமளிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்சன் ஆட்சியில் பார்வை சற்று மாறியது. திவான்-இ-ஆம் அரியணை மாடத்தின் வண்ணக்கல் பதித்த பலகைகளைக் கேப்டன் ஜான் ஜோன்ஸ் 1857இல் பெயர்த்தெடுத்து, மேசைப் பலகையாக்கி, பிரிட்டிஷ் அரசுக்கே 500 பவுனுக்கு விற்றிருந்தார். லண்டன் அருங்காட்சியகத்திலிருந்த அவற்றைக் கர்சன் திருப்பிக் கொணர்ந்தார்; இத்தாலியக் கலைஞர் மெனகாட்டி 1909இல் சீரமைத்து முடித்தார். யாழிசைக்கும் ஆர்ஃபியூஸ் உருவம் இன்று அரியணைக்கு மேலே தெரிவது அதனால்தான். இது மீட்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் இடிக்கப்பட்ட முற்றங்கள் புல் விரித்த பூங்காவாக ஒழுங்குசெய்யப்பட்டதும் அக்காலத்திலேயே. வெட்டவெளி தோட்டமாயிற்று, தோட்டமானபின் அங்கே ஏதோ இருந்தது என்ற நினைவுக்கும் இடமில்லாமற் போயிற்று. பாரக்குகளில் படை இருந்துகொண்டேயிருந்தது.

1911 டிசம்பர் தர்பாரின்போது ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் இக்கோட்டையின் ஆற்றுப்புற மாடத்தில் தோன்றி மக்களுக்குக் காட்சியளித்தனர். முகலாயரின் 'ஜரோகா தரிசனம்' இங்கே நாடகமாக மீண்டும் அரங்கேறியது. ஆறு மாதங்களுக்கு முன், ஜூன் 17 அன்று, இவ்வரசரின் முடிசூட்டைக் கண்டிக்கும் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் ஊர் செங்கோட்டை. திருவிதாங்கூரிலிருந்து 1956இல் தமிழ்நாட்டுக்கு வந்த ஊர். 'லால் கிலா'வை ஒலிபெயர்க்காமல் மொழிபெயர்த்தே வழங்கும் தமிழில் இரு கோட்டைகளுக்கும் பெயர் ஒன்றாகிவிட்டது. அக்கடிதம் 'ஐந்தாம்' என்பதற்கான வடசொல்லைச் சாதி இழிவுப் பொருளில் கையாண்டு அரசரை ஏசுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேடைகளில் அது பெரும்பாலும் விடுபடுகிறது.

பாரக்குகளுக்கு வரலாற்றில் தனி இடம் தந்தது 1945. போர் முடிந்தபின் இந்திய தேசியப் படையின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீதும் பேரரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகக் குற்றம் சாட்டி, நவம்பர் 5 அன்று இங்கே ஒரு பாரக்கின் மாடியில் படைநீதிமன்றம் கூடியது. விடுதலைக்குப் போரிடும் ஒரு மக்கள்கூட்டத்துக்குப் போர்புரியும் உரிமை உண்டு என்று பூலாபாய் தேசாய் பன்னாட்டுச் சட்டத்தின் துணையோடு வாதிட்டார். 1858இல் பகதூர் ஷா வழக்கில் எவரும் எழுப்ப இயலாத வினா, அதே மதிலுக்குள் 87 ஆண்டுகள் கழித்து எழுந்தது. மூவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று; வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனையை 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் தள்ளுபடி செய்தார்.

நீதிமன்றத்தில் நின்ற மூவரும் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள், முன்னாள் பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரிகள். அப்படையில் பொதுமக்களிடமிருந்து சேர்ந்தோருள் பெரும்பகுதியினர் மலாயாத் தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழ்ந்த தமிழர். 1943 ஜூலை 5 அன்று சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ், செங்கோட்டையில் வெற்றி அணிவகுப்பு நடத்தும் நாளைப் பற்றிப் பேசினார். அவர் இந்துஸ்தானியில் ஆற்றிய உரைகள் கூட்டங்களில் தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டன. படையின் பொதுமொழி ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட இந்துஸ்தானி. பிரிட்டிஷ் இந்தியப் படையில் வழங்கிய ரோமன் உருதுவின் தொடர்ச்சி அது. 'இத்திஹாத், இத்மாத், குர்பானி' என்ற அதன் குறிக்கோள்மொழி முழுதும் உருது. தாய்மொழி தமிழேயான, தில்லியை ஒருநாளும் கண்டிராத ரப்பர்த் தோட்டத் தொழிலாளி, அம்மொழியில் ஆணை பெற்று, அம்மொழிக்குப் பெயர் தந்த நகரை நோக்கி நடந்தார். உருது உண்மையிலேயே ஒரு படையின் மொழியாக, தமிழர் நாவில் ஏறியது இம்பால் எல்லைப் போர்க்களத்துக்குச் செல்லும் வழியில்தான் என்பது விந்தை. அவர்களுள் பலருடைய பெயர்கள் எந்த வழக்குப் பதிவிலும் இல்லை. விசாரிக்கப்படும் அளவுக்கு அவர்கள் முக்கியமானவர்களாகக் கருதப்படவில்லை; படை கலைந்ததும் தோட்டங்களுக்கே திரும்பினர்.

1947 ஆகஸ்ட் 16 அன்று நேரு இங்கே கொடியேற்றினார். படைமுகாம் என்ற நிலை அன்றோடு முடியவில்லை; பிரிட்டிஷ் படை காலிசெய்த பாரக்குகளில் இந்தியப் படை குடியேறியது. 1948இல் காந்தி கொலை வழக்கும் இக்கோட்டைக்குள்ளேயே விசாரிக்கப்பட்டது. 2000 டிசம்பர் 22 அன்று முகாமின்மீது நடந்த பயங்கரவாதத் தாக்குதல் உயிர்களைப் பறித்தது. மூன்றாண்டுகள் கழித்து, 2003 டிசம்பரில், படை முழுமையாக வெளியேறி இடத்தை இந்தியத் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தது. ஆங்கிலேயர் ஏற்படுத்திய படைமுகாம் அவர்கள் கையில் 90 ஆண்டுகளும், விடுதலை பெற்ற நாட்டின் கையில் 56 ஆண்டுகளும் நீடித்தது. 2007இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது சலீம்கரும் உடன் சேர்க்கப்பட்டது.

பாரக்குகளை என்ன செய்வது என்பதே இப்போது பாதுகாப்புத் திட்டங்களுக்குள் இருக்கும் கடினமான முடிச்சு. 2019 ஜனவரி 23 அன்று அவற்றுள் சில அருங்காட்சியகங்களாயின. ஒன்று 1857 பற்றியது. ஒன்று போஸையும் இந்திய தேசியப் படையையும் பற்றியது. முகலாய அமைப்பை மீட்க வேண்டும் என்போரின் தர்க்கப்படி, மெஹ்தாப் பாக்கின் மீது நிற்கும் கட்டடங்கள் அகற்றத்தக்கவை. தோட்டத்தின் நீர்க்கால்கள் மண்ணுக்கடியில் இருக்கக்கூடும். அதே தர்க்கத்தை நீட்டினால் மூவர் வழக்கு நடந்த மாடியும் காலனியச் சேர்க்கையே ஆகிவிடும்; இந்தியப் படையின் 56 ஆண்டுகளுக்கும் சான்று எஞ்சாது. அரண்மனையின் பெரும்பகுதியை விழுங்கிய கட்டடங்கள் அவை என்பது அவற்றை வைத்திருப்பதற்கு எதிரான வாதம் அன்று. வைத்திருக்க வேண்டியதற்கான வலிமையான காரணம். ஆனால் பாரக் எப்போது எதன்மீது எழுந்தது என்பதை அதன் வாசலிலேயே, ஃபெர்கூசன் பயன்படுத்திய அந்த உள்நாட்டு வரைபடத்தையும் சேர்த்து, எழுதிவைக்க வேண்டும். அப்போது நக்கார் கானாவைத் தாண்டி நடப்பவர், தாம் மிதிப்பது புல்வெளி அன்று, ஒரு முற்றம் என்பதை அறிவார்.